ஒரு கைப்பிடி சேராங்கொட்டை

"நிழலே இல்லாத ஊர்லேர்ந்து வந்திருக்கே. மரத்தப் பத்தி நீ என்னம்மா எழுதப் போற?"

எங்கள் கல்லூரியில் உலர்த்திய செடி மாதிரிகளைப் பாதுகாக்கும் அறையின் பொறுப்பாளர் ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான் வேதாரண்யம் பக்கத்து உப்பளக் கூலிகளின் மகள். அப்பா, அம்மா இருவருமே கைநாட்டு. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளைப் பாத்தி. மரம் என்று சொன்னால் சீமைக்கருவேலம். "அதனாலதான் சார் எழுதப் போறேன்" என்றேன். அந்தப் பதிலை நினைத்து ஒரு வாரம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

முதுகலை ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது சாபிண்டேல்ஸ் என்ற தாவர வரிசை. துணி அலசவும் தலை அலசவும் நுரை கொடுக்கும் பூவந்திக்கொட்டையின் பெயரை வைத்து அந்த வரிசைக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். மா, முந்திரி, வேம்பு, எலுமிச்சை, வில்வம், விளா, கறிவேப்பிலை எல்லாமே அதற்குள் வரும். ஒரு வாரம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சுற்றி, இவற்றில் எவை எங்கே நிற்கின்றன, யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று குறித்து, மாதிரிகளோடு திரும்ப வேண்டும். தனியாக நான் போன முதல் பயணம். பஸ் ஏறியதிலிருந்து பயமாக இருந்தது. எதற்குப் பயப்படுகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

திங்கட்கிழமை சிறுவாச்சூரில் இறங்கினேன். காளி கோயிலில் கூட்டம் நெரிந்தது. வாசலில் ஓர் அம்மாளின் கூடையில் எலுமிச்சை மாலை, வேப்பிலைக் கொத்து, ஓரமாகக் கொஞ்சம் வில்வம். என் வரிசையிலிருந்து மூன்று மரங்கள் ஒரே கூடையில். நோட்டை எடுத்து நின்றபடியே எழுதினேன்.

"என்ன பாப்பா, கணக்கெடுக்க வந்தியா?"

"இல்லம்மா. இந்த மூணும் ஒரே சொந்தம். அதான் எழுதுறேன்."

"எலுமிச்சங்காயும் வேப்பிலையுமா?" அவர் பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்தார். "ஏன்டி, இந்தப் பொண்ணு சொல்றதக் கேட்டியா? இதுங்க ரெண்டும் சம்பந்திங்களாம்."

இருவரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியவில்லை என்ற சந்தோஷம்தான் வந்தது. அன்று பெரம்பலூரில் இட்லிக்குச் சின்ன வெங்காயச் சட்னி ஊற்றினார்கள். எங்கள் ஊரில் வெங்காயம் எடை போட்டு வாங்கும் பொருள். இங்கே அது விளைவதால் கேட்காமலேயே இரண்டாவது கரண்டி ஊற்றுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை பச்சைமலை அடிவாரத்துக்குப் போனேன். காட்டுக்குள் போகத் தேவையிருக்கவில்லை. வழியெல்லாம் மக்காச்சோளக் கொல்லைகளுக்குக் கிளுவை வேலி. அதுவும் என் வரிசைதான். ஓர் ஓடைக்கரையில் நான் தேடி வந்த மரம் நின்றது. சேராங்கொட்டை. முந்திரிக்கு மிக நெருங்கியது. பளபளக்கும் கறுப்புக் கொட்டை, அதன் தலையில் முந்திரிப்பழத்தைச் சின்னதாக்கியதுபோல ஆரஞ்சு நிறச் சதை. கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். சலவைத் தொழிலாளிகள் துணிக்கு அழியாத குறி போட அதைத்தான் வைத்திருந்தார்கள்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பெயர் ராசாத்தி. நான் கையுறை மாட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தவள், மரம் இருபதடி தூரத்தில் இருக்கும்போதே நின்றுவிட்டாள்.

"அக்கா, அதையா பறிக்கப் போறீங்க?"

"ஆமா. படிக்கிறதுக்கு."

"அதப் போயி என்னத்தப் படிக்கிறது. கைல படாமப் பறிச்சுக்கங்க. ஆனா வூட்டுக்குள்ள கொண்டு போவாதீங்க. அடுப்பாண்ட வச்சீங்கன்னா—"

"எனக்குத் தெரியும். இதப் பத்தித்தான் படிச்சிருக்கேன்" என்றேன்.

அவள் ஆட்டைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஓடைக்குள் இறங்கிப் போனாள். நான் இரண்டு கைப்பிடிக் கொட்டைகளைக் காகிதப் பொட்டலமாகக் கட்டினேன். மேலே அதன் லத்தீன் பெயரை அழகான எழுத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

புதன்கிழமை அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் கிளப்பிய தூசியில் சாலையோர வேம்புகள் மாவு பூசிக்கொண்டு நின்றன. இரண்டு பலகைகளுக்கு நடுவே செடிகளை வைத்துக் கயிற்றால் இறுக்கிய என் சட்டத்தைப் பார்த்துக் கண்டக்டர், "இது என்னங்க, ஆர்மோனியப் பெட்டியா?" என்றார். செடி என்றதும், "அப்பன்னா லக்கேஜ் டிக்கெட் வேணாம். பாடாம வந்தாப் போதும்" என்றார். பாதி வழியில் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி ஒரு வேப்பமர நிழலில் நின்றோம். எங்கள் ஊரில் பஸ் நின்றால் பஸ்ஸின் நிழலில்தான் நிற்போம்.

வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் தோழி பிலோமினாவின் வீடு. அவள் திருச்சியில் ஆசிரியை வேலையில் இருந்தாள். வீட்டில் அவள் அம்மா மரியபுஷ்பமும், லோடு ஆட்டோ ஓட்டும் அண்ணன் அந்தோணியும் மட்டும். மரியபுஷ்பம் அம்மா வீட்டுக்குப் பின்னால் முந்திரிக்கொட்டை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கிறார். நான் கொண்டுபோன கல்லுப்புப் பையை வாங்கியதும் முந்திரிப்பழத்தை நறுக்கி, அந்த உப்பையே தூவிக் கொடுத்தார். இனிப்பும் காறலும் சேர்ந்து தொண்டையைப் பிடித்தது.

"உப்பு போட்டாத்தான் கமறாது. ஒங்க ஊரு உப்பு, எங்க ஊரு பழம்" என்றார்.

அவர் விரல்களைப் பார்த்தேன். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் கொட்டைப்பால் ஏறி நுனிகள் கறுத்து, தோல் தடித்திருந்தது. எங்கள் அம்மாவின் பாதங்களை உப்பு வெடிக்க வைத்திருப்பது ஞாபகம் வந்தது.

அந்தோணி அண்ணன் என் பொட்டலங்களைப் பார்த்தார். "மரத்து டாக்டரு வந்துருக்காங்க. கொல்லையில ஒரு மரம் காய்க்க மாட்டேங்குது, ஊசி போடுங்க டாக்டரே."

"போடா. அது படிக்கிற புள்ள" என்ற அம்மா, சேராங்கொட்டைப் பொட்டலத்தைக் காட்டி, "இது என்ன அமுதா?" என்றார்.

அங்கேதான் தவறு செய்தேன். தோல் வேகும் என்று சொல்லியிருக்கலாம். சேராங்கொட்டை என்று பெயரைச் சொல்லியிருந்தாலும் போதும், அவர் கேள்விப்பட்டிருப்பார். நானோ அவர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"அதுவா? மலையிலேர்ந்து கொண்டாந்தேன். ஒங்க முந்திரிக்குச் சொந்தக்காரன்மா. ஒரே குடும்பம்."

"அட" என்றார் அவர். நான் எதிர்பார்த்த அளவுக்கே வியந்தார். ஈரம் போகட்டும் என்று பொட்டலத்தை நானேதான் வறுக்கும் கொட்டகையின் பலகையில் வைத்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் கல்லங்குறிச்சிக்குப் போய்விட்டேன். கோயிலுக்குப் போகிறவர்களோடு போய், வயல் ஓரங்களில் விளாமரங்களைத் தேடினேன். விளாம்பழம் விற்றவர் ஒன்றைத் தரையில் போட்டுக் காட்டி, "எகிறாம விழுந்தா பழம், எகிறுனா காய்" என்றார். என் புத்தகத்தில் இல்லாத விஷயம், குறித்துக்கொண்டேன். அந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்த கடைசி நேரம் அது.

இரண்டு மணிக்குத் திரும்பியபோது மரியபுஷ்பம் அம்மா கொட்டகையில் உட்கார்ந்து கட்டையால் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். இருமினார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"காலையில மொத சட்டி ஏத்துனேன். வூட்டுக்கு வந்த விருந்தாளி மொத சட்டியில ஒரு கை போடணும். அப்பத்தான் கண்ணு படாதுன்னு எங்க மாமியா காலத்துலேர்ந்து பழக்கம். நீ விடியக்காலமே ஓடிட்டியா, சரின்னு ஒன் பொட்டலத்துலேர்ந்து நானே ஒரு கை எடுத்துப் போட்டுட்டேன். ஒன் கையால போட்ட மாதிரிதான்."

பலகையைப் பார்த்தேன். பொட்டலம் பாதியாகியிருந்தது. லத்தீன் பெயர் அப்படியே இருந்தது, அடிக்கோட்டோடு.

"எல்லாம் கருகிப் பொகையாப் போச்சு. கொட்டையா அது? என்னா பொகைங்கிற. கண்ணத் தொறக்க முடியல" என்றார்.

சேராங்கொட்டையைப் பற்றி நான் படித்த பக்கத்தில் கடைசியாக ஒரு வரி உண்டு. எரியும் கொட்டையின் புகை பட்டால் முகமும் கண்ணும் வீங்கும். சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் தெரியும். பரீட்சைக்கு வராத வரி என்று அதைத் தாண்டிப் போயிருந்தேன். இப்போது ஒவ்வொரு எழுத்தும் கண்முன்னால் நின்றது. ராசாத்தி சொல்ல வந்ததும் இதுதான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தேன். ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போகலாம். வருஷக்கணக்காகப் புகையில் நின்றவர், பழகியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பிலோமினாவுக்குத் தெரிந்துவிடும், என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியருக்குத் தெரிந்துவிடும், அறைப் பொறுப்பாளருக்கும் தெரிந்துவிடும். படித்து என்ன கிழித்தாள் என்பார்கள். இப்படி என்னைப் பற்றியே இரண்டு மணி நேரம் பயந்துகொண்டிருந்தேன். பிறகு அவர் முகம் கழுவ வந்தார். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. துண்டால் கண்ணைத் திரும்பத் திரும்ப ஒற்றினார். அப்போதுதான் என் பயம் அவர் பக்கம் திரும்பியது.

சொன்னேன். மலையில் பறித்ததிலிருந்து பொட்டலத்தைப் பலகையில் வைத்ததுவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் துண்டை இறக்கி என்னைப் பார்த்தார். "அதுவா சேராங்கொட்டை? நான் பாத்ததில்லையே. நீ சொந்தம்னல்ல சொன்ன?"

"சொந்தம்தான்மா. ஆனா வெசம். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், வாங்க."

"அந்தோணி லோடு ஏத்திக்கிட்டு விருத்தாசலம் போயிருக்கான். காலையிலதான் வருவான். முந்திரிப் பொகை திங்காத நாளு எனக்கு எது? தண்ணி ஊத்திக் கழுவுனாப் போயிடும்."

கழுவினோம். குடம் குடமாக இறைத்து ஊற்றினேன். பக்கத்து வீட்டுக்காரி ஏதோ இலையை அரைத்துக்கொண்டு வந்தாள். கண்ணில் எதையும் போட வேண்டாம் என்று நான் தடுத்தபோது, "கொண்டாந்ததே நீதான், இப்ப நீயே சட்டம் பேசுற" என்றாள். நான் இன்னொரு குடம் இறைத்தேன். விளக்கு வைத்ததும் அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். மணிகளை விரல்களால் தடவித்தான் எண்ணினார். எப்போதும் அப்படித்தான் எண்ணுவார்களாக இருக்கும். எனக்கு அது கண் தெரியாதவர் தடவுவதுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் இரண்டு கண்களும் மூடிக்கிடந்தன. இமைகள் உப்பிப் பளபளத்தன. உதடு தடித்துப் பேச்சு குழறியது. "அமுதா, விடிஞ்சிருச்சா?" என்றார். வெயில் அவர் மடியில் விழுந்திருந்தது.

அந்தோணி அண்ணன் வந்து பார்த்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். திட்டவில்லை. டாக்டரே என்று கூப்பிடவில்லை. தாயைத் தூக்கி லோடு ஆட்டோவின் முன்சீட்டில் வைத்தார். நான் பின்னால் காலிச் சாக்குகளின்மேல் உட்கார்ந்தேன். மிச்சமிருந்த சேராங்கொட்டையை ஒரு டப்பாவில் போட்டு மூடி மடியில் வைத்திருந்தேன். வழியில் லாரி ஒன்று குறுக்கே நின்று சாலை அடைபட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தேன். அம்மாவின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். அந்தோணி அண்ணன் ஒருமுறைதான் திரும்பினார்.

"கண்ணு போயிடுமா?"

"தெரியலண்ணே."

"படிச்சிருக்கீல்ல?"

"அது வரைக்கும் படிக்கலண்ணே."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓர் இளம்பெண். முந்திரிப் புகையென்றே முதலில் நினைத்து எழுதத் தொடங்கினார். நான் டப்பாவை மேஜைமேல் வைத்தேன். பெயரைச் சொன்னேன், என்ன செய்யும் என்று படித்திருந்த அந்த ஒரு வரியையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். கண்களை நீர் விட்டு நெடுநேரம் கழுவினார்கள், ஊசி போட்டார்கள். மூச்சு இழுக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

"என்னன்னு சரியாச் சொன்னது நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். "வீக்கம் வடிஞ்சு இமை திறந்தாத்தான் உள்ள பார்க்க முடியும். ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் நான் எதுவும் சொல்ல முடியாது."

அந்த இரண்டு நாள்களைப் பற்றி எழுத அதிகமில்லை. பெண்கள் வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக்கொண்டேன். கஞ்சியை ஊட்டினேன். வாயருகே கரண்டியைக் கொண்டுபோகும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்காமலிருக்கப் பார்த்தேன். எதிர்க்கட்டில்காரியின் உறவினர் மாம்பிஞ்சு கொண்டுவந்து நறுக்கினார்கள். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். மாவும் அதே குடும்பம். வேண்டாமென்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை மாலை அம்மாவே பேசினார். "கொட்டகையில ஒடைக்காத கொட்டை ஒரு மூட்டை கெடக்கும். வறுத்தத அப்புடியே போட்டா பருப்பு வீணாப் போயிடும்."

"நான் ஒடைக்கிறேன்மா."

"ஒன் கைக்கு ஆவாது."

"உப்பள வூட்டுக் கைம்மா."

அவர் தடித்த உதட்டால் சிரிக்க முயன்றார். "சொந்தம் சொந்தம்னு எல்லாத்தையும் வூட்டுக்குள்ள விட்டுட்டா எப்புடி? என் நாத்தனாகூடத்தான் சொந்தம். அவள அடுப்பாண்ட வுடுவேனா?" என்றார். எதிர்க்கட்டில்காரி உரக்கச் சிரித்தாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இடது இமை ஒரு நூலளவு பிரிந்தது. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். நானும் அந்தோணி அண்ணனும் சுவரோரமாக நின்றோம். எங்கள் இருவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் இருந்தது. டாக்டர் வலது இமையையும் மெல்லப் பிரித்துப் பார்த்தார்.

"அம்மா, எதிர்ல யாரு நிக்கிறாங்கன்னு தெரியுதா?"

மரியபுஷ்பம் அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"மங்கலாத் தெரியுது. நெட்டையா என் மவன். பக்கத்துல தலையே சீவாம ஒண்ணு."

கண்ணுக்குக் கெடுதலில்லை, மங்கல் போகச் சில நாள் ஆகும் என்றார் டாக்டர். அந்தோணி அண்ணன் வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு டீ. ஒன்றை என்னிடம் நீட்டினார். "குடி" என்றார்.

அன்று மதியம் கொட்டகைக்குப் போய்ச் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தேன். பருப்பு முழுதாக வந்ததைவிட நொறுங்கியதே அதிகம். விரல் நுனிகள் கறுத்துவிட்டன. இதை எழுதும்போதும் எரிகின்றன. மாலையில் பேராசிரியருக்குப் போன் செய்து நடந்ததை நானே சொன்னேன். வேறு யார் வாயாலோ அவருக்குப் போகக் கூடாது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத ஆய்வுல எழுதுவியா?" என்றார். எழுதுவேன் என்றேன். என் பெயரைப் போட்டு எழுதுவேன்.

டப்பாவின்மேல் இப்போது ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. சேராங்கொட்டை. தொடாதே. எரிக்காதே. புகை கண்ணைக் கெடுக்கும். லத்தீன் பெயர் அதற்குக் கீழே சின்னதாக இருக்கிறது.

இன்று திங்கட்கிழமை. ஊருக்குத் திரும்ப வேண்டிய பஸ் எட்டு மணிக்குக் கிளம்பியிருக்கும். நான் வேறு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் கோழியை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். பயம் இன்னும் போகவில்லை. ராசாத்தி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், ஆட்டை ஓட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கிவிடலாம். ஆனாலும் அவள் அன்று பாதியில் விட்டதை அவள் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மேலே அவள் பெயரை எழுதிவிட்டேன். பச்சைமலை அடிவாரத்துக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டேன்.